எலிவீட்டு நம்பர்

பேராதனையில் எனக்கு வேலை
எலிகளுக்குக் கோல் எடுப்பது.

சிரிக்க வேண்டாம். சம்பளச் சிட்டையில்
ஆய்வுகூட உதவியாளர் என்றுதான் போட்டிருக்கிறது.
புசல்லாவையில் முதல் பஸ், கம்பளையில் மறு பஸ்,
கூடுகளில் உமி மாற்றி, தண்ணீர் நிரப்பி,
ஒன்பதுக்கு அடுத்த அறையில் போய் அமர்ந்து
எலிவீடு என்று பதிந்துவைத்த நம்பரை அழுத்துவேன்.

மூன்றாம் கூட்டுக்கு அடியில், கம்பி வலைக்குக் கீழே
ஒரு போன் தானாகவே எடுத்துக்கொள்ளும்.
ஒரு மணி நேரம் இணைப்பு அறக்கூடாது.
நான்காம் கூட்டுக்கு அடியிலும் போன் உண்டு,
பெட்டரி கழற்றியது.
அந்த ஆறு எலிகளோடு யாரும் பேசுவதில்லை.

முதல் வாரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன்.
காதில் பல்லின் கறுக்மொறுக், உமியில் நகம்.
இரண்டாம் வாரம் மழையைப் பற்றிச் சொன்னேன்.
பிறகு மச்சான் வாங்கிய கடன்.
பிறகு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு,
கண்டி ஆஸ்பத்திரிக் கக்கூசில்
ஒரு சின்னப் போத்தலோடு நான் நின்ற இருபது நிமிடம்.

ஏழு வருஷம். எல்லாரும் மரகதவல்லியிடம்தான் கேட்கிறார்கள்.
அரச மரத்தைச் சுற்றியதும் அவள், ஊசி போட்டதும் அவள்.
என் காற்சட்டைப் பையில்
தொடையோடு தொடையாய்ச் சூடாகிக் கிடந்த போனை
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
நானும் எலிகளிடம்தான் கேட்டேன்.

சமன்மலி மிஸ் தமிழில் தடுமாறிச் சொல்வார்:
எலி வேற, மனுசன் வேற.
ஒரு இடத்துல குறையுது, இன்னொரு இடத்துல ஒண்ணுமே இல்ல.
அதுனாலதானே எண்ணுறோம்.

ஐம்பதாம் நாள் அவர் கூட்டுப் போனின் கணக்கைப் பார்த்தார்.
இரவு ஒன்பது நாற்பதுக்கு ஒரு கோல்.
பத்தொன்பது நிமிடம்.
இது யார் நம்பர்?
கடைசி மூன்று இலக்கம் போதுமாக இருந்தது எனக்கு.
ராங் நம்பரா இருக்கும் மிஸ்.
பத்தொன்பது நிமிசமா, என்றவர்
சிவப்பு மையால் பதிவேட்டில் அதையும் கூட்டினார்.

தினம் ஒரு மணி நேரம், ஒரே நம்பருக்கு.
என் போனைத் திறந்து பார்த்திருக்கிறாள்.
எவளோ என்று நினைத்து அழுத்தியிருக்கிறாள்.
எடுத்த ஆள் வாய் திறக்கவில்லை.
இவள் திறந்திருக்கிறாள்.
ஏசினாளா, அழுதாளா, எனக்குச் சொல்லாத எதையாவது சொன்னாளா,
மூன்றாம் கூட்டுக்குத்தான் தெரியும்.

அறுபதாம் நாள் மயக்கமருந்து.
ஒவ்வொன்றாய்ப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான்.
பிறகு கண்ணாடித் தகடுகள், மேலே எழுத்து மட்டும்: க, ச, ட.
எது எந்தக் கூடு என்று எண்ணுகிறவனுக்குத் தெரியக்கூடாது.
லென்சுக்கடியில் எலி விந்தின் தலை
கவ்வாத்துக் கத்தி மாதிரி வளைந்திருக்கும்.
பிரட்டுக்கு நேரமானதுபோல் சில ஓடின.
சில நின்ற இடத்திலேயே வாலை ஆட்டின.
சில படுத்தேவிட்டன.
கட்டைவிரலால் எண்ணியை அழுத்தினேன், டிக், டிக்.
கண்டியில் இன்னொருவன் இப்படித்தான்
ரேடியோ கேட்டபடி, மத்தியானச் சோற்றை நினைத்தபடி
என்னை அழுத்தியிருப்பான்.

'ட' குறைவு. கொஞ்சம்தான்.
பன்னிரண்டு எலியை வைத்து எதையும் சொல்ல ஏலாது என்றார் மிஸ்,
'ட' எந்தக் கூடு என்று நான் கேட்பதற்கு முன்பே.

இப்போதெல்லாம் போனைச் சோற்றுப் பெட்டியோடு கொண்டுபோகிறேன்.
வீட்டில் ஜன்னல் ஓரம். அங்கேதான் சிக்னலும்.
மரகதவல்லி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.
அந்த நம்பர் இனி வேலை செய்யாது, என்றேன்.
தெரியும், என்றாள்.
அன்னைக்கே தெரியும். எந்தப் பொம்பளையும் அப்புடிப் பல்லைக் கொறிக்க மாட்டா.

ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.
எத்தன இருந்துச்சு?

எதைக் கேட்கிறாள் என்று தெரிந்தும்
முதலில் எலிக் கணக்கைச் சொன்னேன்.